அமெரிக்கானா என்றால் என்ன? ‘வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ ஆல்பத்தோடு ஓர் அறிமுகம்

கன்ட்ரி இசை என்றால் ஓரளவு பிடிபடும். தொப்பி, பூட்ஸ், கிட்டார், மூக்கால் இழுத்துப் பாடும் குரல் என்று மனதில் ஒரு படம் வந்துவிடும். ப்ளூஸ் என்றாலும் அப்படித்தான். ‘அமெரிக்கானா’ என்று யாராவது சொல்லும்போதுதான் குழப்பம். ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒற்றைக் கிட்டாரோடு முனகுகிறார், அதை அமெரிக்கானா என்கிறார்கள். இன்னொருவர் டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் வைத்து அதிர வைக்கிறார், அதுவும் அமெரிக்கானாவாம். மூன்றாமவர் வயலின் வரிசையோடு சினிமாப் பின்னணி இசை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தால் அதையும் அதே கணக்கில் சேர்க்கிறார்கள். அப்படியென்றால் எதுதான் அமெரிக்கானா இல்லை?

வரையறையைப் படித்து இதைப் புரிந்துகொள்வது கஷ்டம். ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் சுலபமாக விளங்கும். நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 2019 ஜூன் மாதம் வெளியிட்ட ‘வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’. 13 பாட்டுகள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நெடுஞ்சாலை, பாலைவனம், மோட்டல் எனப்படும் சாலையோர விடுதி, குதிரை என்று அமெரிக்க மேற்கின் சாமான்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அவற்றை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன்னால் பெயர் வந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1990-களின் தொடக்கத்தில் கன்ட்ரி இசை பெரிய வியாபாரமாகிவிட்டது. கார்த் ப்ரூக்ஸ் போன்றவர்கள் விளையாட்டரங்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரி வானொலிகள், பாப் இசைக்கு ஒரு படி இந்தப் பக்கம் நிற்கும் பளபளப்பான பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டன. ஜானி கேஷ் மாதிரி மூத்தவருக்கே அங்கே இடம் கிடைக்கவில்லை. நாட்டுப்பாட்டு, ப்ளூஸ், பழைய கன்ட்ரி, ராக் எல்லாவற்றையும் கலந்து பாடிக்கொண்டிருந்த புதியவர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். 1995 ஜனவரியில் ‘காவின் ரிப்போர்ட்’ என்ற வானொலித் துறை இதழ், இப்படி எந்தப் பட்டியலிலும் சேராத ஆல்பங்களுக்கென்று தனியாக ஒரு பட்டியல் போட ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர்தான் அமெரிக்கானா. 1999-இல் அந்தப் பெயரில் ஒரு சங்கம் நாஷ்வில்லில் உருவானது. 2010 கிராமி விழாவிலிருந்து சிறந்த அமெரிக்கானா ஆல்பத்துக்குத் தனி விருது கொடுக்கிறார்கள். முதல் விருது பாடகரும் டிரம்மருமான லெவன் ஹெல்முக்குப் போனது.

ஆக, ஒரு தாளத்தையோ வாத்தியத்தையோ வைத்து உருவான வகை இல்லை இது. வானொலி கைவிட்டவர்கள் ஒன்றாக நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குழப்பத்துக்குக் காரணமும் அதுவே.

பெயர்தான் புதிது, சரக்கு பழையது. 1927-இல் டென்னசி மாநிலத்தின் ப்ரிஸ்டல் ஊரில் ரால்ஃப் பியர் என்பவர் சுற்றுவட்டாரப் பாடகர்களை அழைத்து ஒலிப்பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் முதன்முதலில் பதிவானது அங்கேதான். ராஜர்ஸ் ரயில்வேயில் பிரேக்மேனாக, அதாவது ரயிலின் பிரேக்கைக் கவனிப்பவராக, வேலை பார்த்தவர். பயணம் என்பது இந்த இசைக்குள் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. முதலில் ரயில், பிறகு கார். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து ரெக்கார்டு கம்பெனிகள் வெள்ளையர் பாட்டை ஒரு வரிசையிலும் கறுப்பினத்தவர் பாட்டை இன்னொரு வரிசையிலும் பிரித்து விற்றன. பாடியவர்களோ ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளையரான ராஜர்ஸ் பாடியதில் நிறைய, கறுப்பினத்தவரின் இசையான ப்ளூஸ். கன்ட்ரி இசையின் அடையாளமாகக் காட்டப்படும் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்திய மரபில் பிறந்தது.

இப்போது சாலைக்கும் மேற்குக்கும் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா தன் மக்களிடம் ‘மேற்கே போ, அங்கே நிலம் இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், குடியேறிப் பயிரிடுகிறவருக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதைப் பாட்டுகளும் படங்களும் வெகுகாலம் சௌகரியமாக மறந்துவிட்டன. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, குடியேறிய பகுதி இங்கே முடிகிறது என்று காட்ட இனி எல்லைக்கோடு எதுவும் மிச்சமில்லை என்று அரசே அறிவித்தது. நிலம் தீர்ந்தது. ஆனால் ஓரிடத்தில் வாழ்க்கை சரியில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தீரவில்லை. அந்த நம்பிக்கைக்குப் பிறகு சாலைதான் கைகொடுத்தது. 1926-இல் சிகாகோவையும் கலிஃபோர்னியாவையும் இணைத்த ரூட் 66 வந்தது. 1930-களில் மழை பொய்த்து மண் பறந்தபோது ஓக்லஹோமா விவசாயிகள் அந்தச் சாலையைப் பிடித்துத்தான் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றிப் பாடிய உடி கத்ரியை அமெரிக்கானாக்காரர்கள் இன்றும் குலசாமி ஸ்தானத்தில் வைத்திருக்கிறார்கள்.

1956-இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடு முழுக்க 41,000 மைலுக்கு மாநிலங்களை இணைக்கும் அகலமான இன்டர்ஸ்டேட் சாலைகள் திட்டமிடப்பட்டன. வேகம் கூடியது. பழைய சாலையோர ஊர்கள் பல ஒதுக்கப்பட்டன. ரூட் 66 கூட 1985-இல் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் உதவும்.

ஸ்ப்ரிங்ஸ்டீன் மேற்கைச் சேர்ந்தவரே இல்லை. 1949-இல் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியில் பிறந்தவர். கார், நெடுஞ்சாலை, தப்பித்துப் போவது என்று பாடியே பேர் வாங்கினார். அவரே சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. இருபது வயதில் தன் பேண்டோடு கலிஃபோர்னியாவில் நிகழ்ச்சி நடத்தக் கிளம்பியபோது அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வழியில் அவரும் மேனேஜரும் மட்டும் ஒரு பழைய டிரக்கில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவரே விடாமல் ஓட்ட முடியாது. அதனால் மேனேஜர் வண்டியைக் கிளப்பி முதல் கியரில் போட்டு நகர்த்துவாராம். ஓடுகிற வண்டியிலேயே இருவரும் இடம் மாறிக்கொள்வார்களாம். அப்படித்தான் முதன்முதலாக நாட்டைக் குறுக்கே கடந்தார்.

அடுத்து, சிங்கர்-சாங்ரைட்டர் என்ற ஏற்பாடு. நம் சினிமாப் பாட்டில் மெட்டு ஒருவருடையது, வரி ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. இங்கே மூன்றும் ஒரே ஆள். அதனால் கேட்கிறவருக்கு ஒரு ஆசை வரும், பாட்டில் ‘நான்’ என்று வந்தால் அது பாடுகிறவரேதான் என்று நினைத்துக்கொள்ள. இந்த ஆல்பத்தில் அப்படிக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். வெளிவந்தபோது ஸ்ப்ரிங்ஸ்டீனுக்கு 69 வயது, உலகப் புகழ், குதிரைகள் மேயும் பெரிய பண்ணை. பாட்டில் பேசுகிறவர்களிடம் இதில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் வேறொரு ஆள். சிறுகதைத் தொகுப்பைப் புரட்டுவதுபோல் கேட்க வேண்டும்.

முதல் பாட்டில் ஒருவன் சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்டுக்கொண்டே போகிறான். கர்ப்பிணி மனைவியோடு வரும் குடும்பஸ்தன் ஏற்றிக்கொள்கிறான். அப்புறம் ஒரு டிரக் டிரைவர். அப்புறம் 1972 மாடல் காரை முடுக்கி வைத்திருக்கும் ஒரு வேகப் பைத்தியம். மெட்டு லேசாக, சந்தோஷமாகவே இருக்கிறது. வயலின்கள் மெதுவாக ஏறிவரும்போதுதான் ஒன்று உறைக்கிறது. ஏற்றிவிட்ட எல்லோருக்கும் போக ஓரிடம் இருக்கிறது. இவனுக்கு இல்லை.

தலைப்புப் பாட்டில் பேசுகிறவர் வயதான கவ்பாய் பட நடிகர். ஒரு காலத்தில் கவ்பாய் பட நாயகன் ஜான் வெய்ன் கையால் படத்தில் சுடப்பட்டுச் செத்தவர். அந்த ஒரு காட்சியைச் சொல்லிச் சொல்லியே இன்றுவரை பாரில் ஓசியில் குடிக்கிறார். காலையில் மேக்கப் போடும் பெண் இரண்டு பச்சை முட்டையும் ஒரு மடக்கு ஜின்னும் கொண்டுவந்து தருகிறாள். இப்போது அவருக்குக் கிடைக்கும் வேலை, ஆண்மையை மீட்டுத் தருவதாகச் சொல்லும் நீல மாத்திரைக்கு விளம்பரத்தில் நடிப்பது. கேட்கும்போது சிரிப்பு வரும். அடுத்த வரியிலேயே அது நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காரில் சேணத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாலைவனத்துப் பக்கம் போகிறார். அங்கே மெக்சிகோவிலிருந்து எல்லைக் கம்பியைத் தாண்டி வந்தவர்கள் இன்னும் பழைய முறையில் குதிரை ஏறிச் சுருக்குக் கயிறு வீசுகிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். கவ்பாயின் கயிறு, சேணம், மாடு மேய்க்கும் வித்தை எல்லாமே வாக்கெரோக்கள் எனப்படும் மெக்சிகோ மாடு மேய்ப்பவர்களிடமிருந்து வந்தவை. ஹாலிவுட் அதை எடுத்து ஜான் வெய்னுக்கு மாட்டிவிட்டது. பொய்க் கவ்பாயாக நடித்தே வாழ்க்கையைக் கழித்த கிழவர், உண்மையான கலை இன்னும் உயிரோடிருக்கும் இடத்தைத் தேடிப் போகிறார், அதுவும் எல்லை தாண்டி வந்தவர்களிடம். ஸ்ப்ரிங்ஸ்டீன் இதை விளக்குவதே இல்லை, நான்கைந்து வரியில் கடந்துபோய்விடுகிறார். அமெரிக்கானா என்ன செய்கிறது என்று என்னைக் கேட்டால் இந்த நான்கைந்து வரியைத்தான் காட்டுவேன். ஊரறிந்த பழைய படத்தை எடுத்துக்கொள்வது, அதன் நடுவே தேய்ந்துபோன ஒரு மனிதனை நிற்கவைப்பது, படம் எங்கே கிழிந்திருக்கிறது என்று அவன் வாயாலேயே தெரியவைப்பது.

இதே வேலை மற்ற பாட்டுகளிலும் நடக்கிறது. ஸ்டன்ட்மேன் ஒருவன் உடைந்த எலும்புகளைக் கணக்குச் சொல்கிறான், காலில் இரும்புக் கம்பி. சான் ஃபிரான்சிஸ்கோவில் மாத்திரையும் மழையுமாகச் சீரழிந்த ஒருவன் அரிசோனாவில் கிரேன் ஓட்டுகிறான். தான் மாறிவிட்டதைக் காட்ட, ரயிலில் வரப்போகும் காதலிக்காகக் காத்திருக்கிறான். ‘சேஸின் வைல்ட் ஹார்ஸஸ்’ பாட்டில் வருபவன் மொன்டானாவில் அரசு நிலத் துறைக்காகக் காட்டுக் குதிரைகளை வளைத்துப் பிடிக்கும் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். இது கற்பனை வேலை இல்லை. 1971-இல் வந்த ஒரு சட்டப்படி காட்டுக் குதிரைகளைப் பாதுகாப்பதும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் அந்தத் துறையின் பொறுப்பு. ஆல்பத்தின் அட்டையில் துள்ளி ஓடும் குதிரையைப் பார்த்துச் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தால், இங்கே அதைத் துரத்திப் பிடிப்பதே ஒருவனின் கூலி வேலை.

‘ஸ்லீப்பி ஜோஸ் கஃபே’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத பாட்டு. இசையாக அது கொஞ்சம் மெலிது, ஆல்பத்தின் மற்ற பாட்டுகளோடு ஒட்டவில்லை. ஆனால் அதன் கதை முக்கியம். ராணுவத்தில் சமையல்காரராக இருந்த ஜோ 1945-இல் ஊர் திரும்பி, போர்வீரர்களுக்கான அரசுக் கடனில் ஒரு சின்னக் கடை போடுகிறார். பக்கத்தில் நெடுஞ்சாலை வருகிறது. கடை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. சரி, இதை அப்படியே வைத்துக்கொண்டு கடைசிப் பாட்டான ‘மூன்லைட் மோட்டல்’ கேளுங்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மூடிக்கிடக்கும் ஒரு மோட்டல். தண்ணீரில்லாத நீச்சல் குளத்தின் சிமென்ட் வெடிப்பில் டேன்டிலியன் செடி முளைத்திருக்கிறது. துருப்பிடித்த வேலியில், குழந்தைகள் பார்த்து விளையாட வேண்டும் என்று எச்சரிக்கும் பலகை இன்னும் தொங்குகிறது. ஒரு காலத்தில் காதலியோடு அங்கே தங்கியவன் இப்போது தனியாகக் காரை நிறுத்திவிட்டு, பையிலிருந்து விஸ்கி பாட்டிலை எடுத்து அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று ஊற்றுகிறான். மோட்டல் ஏன் மூடியது என்று பாட்டு சொல்லவில்லை. புதுச் சாலையால் ஒதுக்கப்பட்ட ஊர்களின் கதை தெரிந்தவருக்குச் சொல்லவும் வேண்டாம். ஜோவுக்குச் சோறு போட்ட அதே நெடுஞ்சாலைதான்.

சாலையின் மேல் பாடகருக்கு வரும் சந்தேகத்தை ‘ஹலோ சன்ஷைன்’ இன்னும் நேராகச் சொல்கிறது. காலியான சாலை எனக்குப் பிடிக்கும், ஆனால் போக வேண்டிய தூரம் என்பது எல்லோரையும் விட்டு விலகிய தூரமும்தானே என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. இளமையில் சாலையைத் தப்பிக்கும் வழியாகப் பாடியவர், கிழவயதில் அதன் மறுபக்கத்தைப் பார்க்கிறார்.

இனி ஒலி. அமெரிக்கானா என்றதும் ஒற்றைக் கிட்டாரையும் மவுத் ஆர்கனையும் எதிர்பார்த்து வருகிறவருக்கு இந்த ஆல்பம் அதிர்ச்சி கொடுக்கும். வயலின்கள், கொம்பு வாத்தியங்கள், பொங்கி எழும் உச்சங்கள். அவரது வழக்கமான ஈ ஸ்ட்ரீட் பேண்ட் இல்லை. தொண்டை கிழியப் பாடும் ஸ்ப்ரிங்ஸ்டீனும் இல்லை, பல இடங்களில் குரலை உயர்த்தி இழைத்துப் பாடுகிறார். இதற்கு முன்மாதிரி எது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: 1960-களின் இறுதி, 70-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் உருவான பாப் இசை. குறிப்பாக, ஓக்லஹோமாக்காரர் ஜிம்மி வெப் எழுதி, ஆர்கன்சாவின் க்ளென் கேம்பல் பாடிய பாட்டுகள். தந்திக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஒரு சாதாரண லைன்மேனின் தனிமைக்குப் பின்னால் முழு இசைக்குழுவை நிறுத்தினார்கள் அவர்கள். ‘விசிட்டா லைன்மேன்’ என்ற அந்த 1968 பாட்டைக் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்துக்கு வந்தால் வயலின்கள் எதற்கு என்ற கேள்வியே எழாது.

பரந்த வெளியை ஒலியாக மாற்றும் இந்தப் பழக்கம் அதற்கும் முந்தியது. 1938-லும் 1942-லும் கவ்பாய் கதைகளை வைத்து ஆரன் கோப்லண்ட் இரண்டு பாலே நாட்டியங்களுக்கு இசையமைத்தார். சுரங்களுக்கிடையே இடைவெளி விட்டு, காற்று புகுந்து வருவதுபோல் அவர் அமைத்த விதத்தை ஹாலிவுட் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு புல்வெளியைத் திரையில் காட்டினாலே அந்த மாதிரி இசைதான். கோப்லண்ட் நியூயார்க்கின் ப்ரூக்ளினில், லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மேற்கின் இசை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு கிழக்கிலிருந்து போனது. நியூ ஜெர்சிக்காரர் ஒருவர் வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு அரிசோனாவைப் பாடினால் அதில் போலித்தனம் எதுவும் இல்லை. அந்த மரபே அப்படித்தான்.

ஒரு வாத்தியத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், பெடல் ஸ்டீல் கிட்டார். மேசை மாதிரிக் கால் வைத்த சட்டத்தில் கம்பிகள் படுத்திருக்கும். வலக்கை மீட்ட, இடக்கை ஓர் இரும்புத் தண்டைக் கம்பிகள் மேல் நகர்த்தும். கால் மிதியும் முழங்காலால் தள்ளும் நெம்புகோலும் கம்பிகளின் இழுவிசையை மாற்றும். அதனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது உடனே பிடித்துவிடும். இதன் மூலம் ஹவாய்த் தீவுகளில் உருவான ஸ்டீல் கிட்டார். கறுப்பினத்தவர் பேஞ்சோ, ஹவாய் கிட்டார், மெக்சிகோ கயிறு என்று பார்த்தால், ‘சுத்த அமெரிக்கச் சரக்கு’ என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

குறை சொல்லவும் இடமிருக்கிறது. பதின்மூன்று பாட்டிலும் பேசுகிறவர்கள் ஆண்கள்தான். பெண்கள் போய்விட்டவர்களாக இருக்கிறார்கள், அல்லது வரப்போகிறவர்களாக. அவர்கள் பக்கத்துக் கதை என்ன என்று ஒரு பாட்டாவது கேட்டிருக்கலாம். மேற்கின் பூர்வகுடிகளும் அநேகமாகக் காணவில்லை. வயலின்கள் சில இடங்களில், குறிப்பாக ‘தேர் கோஸ் மை மிராக்கிள்’ பாட்டில், சர்க்கரை கூடிப்போகிற அளவுக்குப் போகின்றன. கிராமப்புற ஒலியை விரும்பும் அமெரிக்கானா ரசிகர்களில் சிலருக்கு இது அமெரிக்கானாவே இல்லை, பாப். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புதிதாகக் கேட்க உட்காருகிறவர் வரிசைப்படி போக வேண்டியதில்லை. ‘ஹலோ சன்ஷைன்’, தலைப்புப் பாட்டு, ‘மூன்லைட் மோட்டல்’ மூன்றையும் வரிகளைக் கண்ணால் படித்துக்கொண்டே கேளுங்கள். பிடித்தால் முழு ஆல்பத்துக்குப் போகலாம். அதே ஆண்டு இதே பெயரில் ஒரு படமும் வந்தது. ஸ்ப்ரிங்ஸ்டீனும் தாம் சிம்னியும் சேர்ந்து இயக்கியது. தன் பண்ணையிலுள்ள பழைய மரக் கொட்டகையில் இசைக்குழுவை உட்காரவைத்து எல்லாப் பாட்டுகளையும் பாடுகிறார், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கொஞ்சம் பேசுகிறார். பேச்சு சில சமயம் நீதிபோதனை ஆகிவிடுகிறது. ஆனால் அமெரிக்கர்களுக்குள் தனியாக அலையும் ஆசையும் நாலு பேரோடு சேர்ந்து வாழும் ஆசையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதுதான் ஆல்பத்தின் கரு என்று அவர் வாயாலேயே கேட்கலாம்.

இங்கே விடுபட்ட குரல்களை வேறிடத்தில் தேடுங்கள். லூசிண்டா வில்லியம்ஸின் 1998 ஆல்பம் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்’ தெற்கு மாநிலங்களின் சாலைகளை ஒரு பெண்ணின் பார்வையில் காட்டுகிறது. தலைப்புப் பாட்டில் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது ஒரு குழந்தை. பேஞ்சோவின் கறுப்பின வேர்களைத் தேட வேண்டுமென்றால் பாடகியும் பேஞ்சோக் கலைஞருமான ரியானன் கிடென்ஸிடம் போங்கள். 2024-இல் பியான்ஸே வெளியிட்ட கன்ட்ரிப் பாட்டு ‘டெக்சஸ் ஹோல்ட் எம்’ ஆரம்பத்தில் கேட்கும் பேஞ்சோ கிடென்ஸ் வாசித்ததுதான்.